நாற்பத்தோராவது உறை

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையில் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அதைக் கல்யாண மண்டபம் என்றுதான் நினைப்பார்கள். முகப்பில் அத்தனை பெரிய வளைவு. உள்ளே மாடியில் ஒரு நூலகம். அதற்கு நூலகர் சில்வியா. வயது நாற்பத்து நான்கு. பதினாறு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பதினாறு வருஷமாகத் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் கையெழுத்துப் போட்டால் அடுத்த பதினோரு மாதம் நாற்காலி அவளுடையது.

போன தை மாதம் அந்த நூலகத்துக்கு யோகம் அடித்தது. வெளிநாட்டு உதவியோடு இணையவழி ஆய்வு வளங்கள் வந்து சேர்ந்தன. பதினொரு தரவுத்தளங்கள், ஆறாயிரம் ஆய்விதழ்கள். கம்ப்யூட்டருக்கு ரிப்பன் கட்டி, அதைக் கத்தரியால் வெட்டித் திறந்து வைத்தார்கள். இயக்குநர் டாக்டர் அருள்நாதன், இனி உலகத்து மருத்துவ அறிவெல்லாம் இந்த மேஜை மேல் இருக்கிறது என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு போண்டாவும் கேசரியும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போனவர்கள்தான், ஒருவரும் திரும்பி மாடி ஏறவில்லை.

மாதா மாதம் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். பூஜ்யம் என்று எழுதக் கூச்சப்பட்டு சில்வியாவே உட்கார்ந்து தேடுவாள். முட்டி வலி, சர்க்கரை, புருஷனுடைய மூலம் என்று குடும்பத்து வியாதியையெல்லாம் உலக ஆய்விதழ்களில் தேடிப் பார்த்துவிட்டாள். புரிந்தது கொஞ்சம்தான். ஆனால் தேட நன்றாகப் பழகிவிட்டது.

பொதுமக்களையும் அனுமதிக்க வேண்டும் என்பது உதவி கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை. அதற்காகச் சாலையோரம் ஒரு போர்டு வைத்தார்கள். வாசகம் சில்வியா எழுதியது: ‘உங்கள் நோயைப் பற்றி உலகம் என்ன கண்டுபிடித்திருக்கிறது? உள்ளே வாருங்கள். இலவசம்.’ எழுதியவள் உட்பட யாருமே, இதைப் படித்துவிட்டு நிஜமாகவே ஒருத்தர் உள்ளே வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. நம் ஊரில் போர்டு வைப்பது வைப்பதற்காகத்தானே.

ஒருத்தி வந்துவிட்டாள். பெயர் தங்கமாரி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது போர்டைப் பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் எக்ஸ்ரே படங்கள்.

“மேடம், வெளிய போர்டு போட்டுருக்கே. எங்க வீட்டுக்காரவுகளுக்கு என்ன நோயின்னு இதுல பாத்துச் சொல்லுவீகளா?” என்று கம்ப்யூட்டரைக் கையால் காட்டினாள்.

இது ஆஸ்பத்திரி இல்லை, நோய் சொல்ல இங்கே டாக்டர் கிடையாது, வெறும் படிப்பு விஷயம்தான் என்று சில்வியா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். தங்கமாரி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த மாதத்தில் வந்த முதல் ஆள். அவளை அனுப்பிவிட்டால் அப்புறம் அறிக்கையில் என்ன எழுதுவது என்ற எண்ணமும் சில்வியாவுக்கு ஓடியது. மறைப்பானேன், முதலில் உட்கார வைத்தது அதுதான். கதையைக் கேட்கக் கேட்கத்தான் அறிக்கை மறந்துபோயிற்று.

தங்கமாரியின் புருஷன் இசக்கி. முப்பத்தொரு வயது. ஒரகடத்துக்கு அப்பால் ஒரு கொட்டகையில் கல் அறுக்கிறவன். புது ஃபிளாட்டுகளில் சமையல் மேடைக்குப் போடுகிறார்களே பளபளவென்று, அந்தச் செயற்கைக் கல். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. ஆனால் ஈரம் காய்ந்து பாலிஷ் போட நேரமாகும் என்று காய்ந்த கல்லையே அறுக்க வைப்பார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருக்குமாம். இரண்டு வருஷமாக இருமல். டிபி என்று சொல்லி ஆறு மாதம் மருந்து, விட்டு மறுபடி ஆறு மாதம். சளியில் கிருமியே இல்லை. ஆள் மட்டும் பாதியாகிவிட்டான். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறான்.

நெஞ்சு டாக்டர் ஒருவர்தான் கடைசியில் இது கல்தூசி நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டிருக்கிறார். அப்படியென்றால் அதற்கென்று ஒரு மருத்துவக் குழு உண்டு. மாதத்தின் முதல் புதன்கிழமை கூடும். அவர்கள் பார்த்து, இது வேலையால் வந்த நோய்தான் என்று கையெழுத்துப் போட்டால், வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மிஷின் ஒன்று கொடுப்பார்கள். ஆனால் நோய் எப்போது ஆரம்பித்தது என்று காட்டப் பழைய எக்ஸ்ரே ஏதாவது வேண்டும். இசக்கியிடம் அப்படி எதுவும் கிடையாது.

“அந்த மிஷின் இருந்தா படுத்துத் தூங்குவாகளாம். டாக்டர் சொன்னாக. எதாவது கண்டுபிடிச்சுக் குடுங்கக்கா” என்றாள். மேடம் அதற்குள் அக்கா ஆகிவிட்டாள்.

மறுநாளிலிருந்து சில்வியா தேட ஆரம்பித்தாள். இந்த முறை கூச்சத்துக்காக அல்ல. ஸ்பெயினில் கல் அறுத்தவர்கள், இஸ்ரேலில் கல் அறுத்தவர்கள், ஆஸ்திரேலியாவில் கல் அறுத்தவர்கள் என்று வரிசையாக வந்து விழுந்தன. எல்லோரும் சமையல் மேடைக்காரர்கள். எல்லோரும் சின்ன வயது. இசக்கியின் நுரையீரலில் என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று அந்த ஆய்விதழ்களுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருந்தது. ஷிஃப்ட் மாறும் நாட்களில் வந்து பக்கத்தில் உட்காரும் தங்கமாரி, அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்பாள். மருந்து இல்லை என்று எல்லாக் கட்டுரையும் ஒரே குரலில் சொல்லியது. நுரையீரலையே மாற்றலாம், இல்லாவிட்டால் காத்திருக்கலாம். சில்வியா அதைத் தமிழில் சொல்லவில்லை. இன்னும் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஆறாயிரம் ஆய்விதழ்களை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு எப்படிச் சொல்வது?

இரண்டாவது வாரம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. உலகத்தையெல்லாம் தேடுகிறோமே, ‘ஒரகடம்’ என்று போட்டுப் பார்த்தால் என்ன? போட்டாள். ஒரே ஒரு கட்டுரை வந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் நான்கு கல் கொட்டகைகளில் வேலை செய்த நாற்பத்தொரு பேரின் மார்பு எக்ஸ்ரேக்களைப் பற்றியது. எழுதியவர்கள் பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதல் பெயர் ஒரு வெள்ளைக்காரர், கடைசிப் பெயர் அருள்நாதன். கீழே கால் வைத்து நடக்கிற தரையில் எழுதிய கட்டுரை, கடல் கடந்து போய் அச்சாகி, இணையம் வழியாகத் திரும்பி அதே கட்டடத்துக்கு வந்திருக்கிறது.

கட்டுரை நடுவில் ஒரு எக்ஸ்ரே படம். இருபத்தேழு வயது ஆண், காய்ந்த கல் அறுப்பில் நான்கு வருஷம், நோயின் தொடக்க நிலை என்று கீழே போட்டிருந்தது. இடது தோள்பட்டை எலும்பில் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் பளிச்சென்று தெரிந்தன. அன்றைக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த தங்கமாரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜவுளிக்கடைப் பையிலிருந்து புது எக்ஸ்ரேயை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதே தகடு, அதே ஆறு திருகாணி. மூன்றாவது மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, இரண்டிலும்.

“கல்யாணத்துக்கு முந்தி பைக்ல விழுந்து வச்ச கம்பிக்கா. கை வச்சா தட்டுப்படும்” என்றாள். அவள் குரலில் இருந்தது சந்தோஷம். அதைச் சந்தோஷம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல? புருஷனுடைய வியாதியை உலகத்து ஆய்விதழில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

இசக்கிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஆமாம், ஒரு வேன் வந்தது, சட்டையைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள், ஆளுக்கு ஒரு துண்டும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள் என்று இருமல்களுக்கு நடுவே சொன்னான். அப்போது அவன் இசக்கியாக இல்லை என்பதும் அந்தப் போனில்தான் தெரிய வந்தது. ஊர்க்காரன் கொம்பையா என்பவன் அம்மா செத்துப்போனதற்கு ஊருக்குப் போனவன், திரும்பவில்லை. அவனுடைய கேட் பாஸ் சும்மா கிடந்தது. புது ஆளுக்குப் புது பாஸ் வாங்க மாதக் கணக்காகும் என்று காண்டிராக்டர் அந்த அட்டையையே, வேறு கொட்டகையிலிருந்து வந்த இசக்கியின் கழுத்தில் மாட்டிவிட்டான். இந்தப் பக்கத்தில் இது அதிசயமே அல்ல. வேலைக்குப் போவது அட்டை, ஆள் அதன் பின்னால் போவான். இரண்டு வருஷம் கொட்டகையில் எல்லோருக்கும் அவன் கொம்பையா. வேன்காரர்கள் பெயரும் ஊரும் கேட்டபோதும் அட்டையில் இருந்ததைத்தான் சொன்னான்.

கொம்பையா என்ற பெயரை எங்கேயோ எழுதியதாக சில்வியாவுக்குப் பட்டது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை. தங்கமாரி போன பிறகு, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஞாபகம் வந்துவிட்டது. சாப்பிடாமல் எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தாள்.

நாற்பத்தொரு கடிதம். அந்த ஆய்வு முடிந்தபோது, படம் எடுத்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும் முடிவைத் தபாலில் அனுப்பும் வேலையை நூலகத்தின் தலையில்தான் கட்டினார்கள். ஆங்கிலத்தில் கொடுத்த வாசகம் டாக்டர்களுக்கே புரியாது. சில்வியா அதை ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எளிய தமிழில் எழுதினாள், உறை மேல் விலாசமும் தன் கையாலேயே எழுதினாள். அந்தத் தமிழைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு. நாற்பது போய்ச் சேர்ந்தன. கொம்பையாவின் ஊருக்குப் போன ஒன்று மட்டும், ‘கதவு பூட்டு, ஆள் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. ஆய்வு உதவியாளர்களிடம் கேட்டாள். திட்டம் முடிந்துவிட்டது, வைத்திருங்கள் என்றார்கள். வைத்திருந்தாள். வந்ததைத் தூக்கி எறியாமல், பிரித்தும் பார்க்காமல், இருக்க வேண்டிய கோப்பில் வைப்பதுதான் அவள் பதினாறு வருஷமாகச் செய்துவரும் வேலை. அந்த வேலையை அவள் ஒழுங்காகவே செய்திருந்தாள்.

உறை அங்கேயே இருந்தது. ஓரம் கூட மடங்கவில்லை. இருங்காட்டுக்கோட்டைக்கும் இந்த பீரோவுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. ஒரு ஷேர் ஆட்டோவும் ஒரு பஸ்ஸும். உறை திரும்பி வந்த அன்றைக்கு வெறுமனே கொட்டகைக்கு ஒரு போன் போட்டு, கொம்பையா இருக்கிறாரா என்று கேட்டிருந்தால், இசக்கியே வந்து, நான்தான் என்று சொல்லியிருப்பான். கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு உறையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பீரோவில் மறுபடி வைக்கவும் முடியவில்லை, தங்கமாரியிடம் கொடுக்கவும் தைரியம் இல்லை. பங்குனியில் அவளுடைய பதினோரு மாதம் முடிகிறது.

கட்டுரை மட்டும் போதும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படம் இருக்கிறது, தேதி இருக்கிறது, தகடு இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் கண்ணில் பட்டு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அது நன்றியுரைக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. அங்கே வரைக்கும் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். யாருமே எதையும் படிக்காத நூலகத்தில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள், உலகத்தையும் அப்படியே எடைபோட்டாள்.

புதன்கிழமை மூவருமாகப் போனார்கள். இசக்கியை அன்றுதான் அவள் முதலில் பார்த்தாள். சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. வராந்தாவிலிருந்து அறைக்குள் போக இரண்டு இடத்தில் நின்றான். நின்றபோதெல்லாம் சிரித்தான், தன்னால் மற்றவர்களுக்குத் தாமதமாகிறதே என்கிற சிரிப்பு.

குழுவின் தலைவி ஒரு வயதான டாக்டரம்மா. இரண்டு படங்களையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இரண்டும் ஒரே ஆள், சந்தேகமே இல்லை, இது கல்தூசி நோய்தான் என்றார். பெயர் மாறியிருப்பதையும் அவர் பெரிதுபடுத்தவில்லை, இந்தப் பக்கத்துக் காண்டிராக்டர்களைத் தனக்குத் தெரியும் என்றார். தங்கமாரி சில்வியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தோடு அவர் பேனாவை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவர் நல்ல டாக்டர். கையில் கொடுத்ததைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர்.

படித்துவிட்டுத் தமிழில் சொன்னார். ஆய்வில் கலந்துகொண்ட நாற்பத்தொரு பேருக்கும் முடிவு கடிதம் மூலம் தெரிவிக்கப்பட்டது, நோய் கண்டவர்கள் உடனே அந்த வேலையை விடும்படி அறிவுறுத்தப்பட்டார்கள் என்று இதில் அச்சாகியிருக்கிறது. நோய் என்று தெரிந்த பிறகும் அதே வேலையில் இருந்தவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது, அது விதி.

“எனக்கு ஒண்ணும் வரல டாக்டரம்மா” என்றான் இசக்கி.

வந்ததாகப் போட்டிருக்கிறதே என்று அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அச்சில் ஏறிவிட்டால் பொய்க்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. சில்வியா தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த சாட்சி, அவனுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பி, நீங்கள் அந்த நிலையத்தில்தானே வேலை செய்கிறீர்கள், கடிதம் போய்ச் சேரவில்லை என்பதற்கு ஏதாவது எழுத்தில் இருந்தால் கொண்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

உறை அவள் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. ஜிப்பில் கை வைத்தாள். அலுவலகத்துத் தபாலை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுவந்திருக்கிறோம், முறைப்படி இயக்குநர் கையெழுத்தோடு கொடுத்தால் இன்னும் பலமாக இருக்குமே என்று ஒரு நியாயம் அந்த நொடியில் தோன்றியது. பயத்துக்கு நியாயம் தேடித் தருவதற்கு மனசைப்போல் கெட்டிக்காரன் கிடையாது. வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொல்லித் தலையாட்டினாள். வெளியே வந்ததும் தங்கமாரி, நீங்க இருக்கப் போய்த்தான் இந்த மட்டுக்கும் ஆச்சு என்று அவளுக்கு நன்றி சொன்னாள்.

இயக்குநர் டெல்லியிலிருந்து திரும்ப ஒரு வாரமாயிற்று. டாக்டர் அருள்நாதன் கெட்டவர் இல்லை. உறையைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு சில்வியாவை உட்காரச் சொல்லி விளக்கினார். அந்தக் கட்டுரையால்தான் இந்த நிலையத்துக்கு வெளியே பெயர் வந்தது. அதனால்தான் அந்த ஆறாயிரம் ஆய்விதழும் வந்தன. ஒருவருக்குத் தெரிவிக்கவில்லை என்று நாமே எழுதிக் கொடுத்தால் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிடுவார்கள்.

“கட்டுரையே இல்லன்னு ஆயிட்டா அந்தப் பையனோட எக்ஸ்ரேவும் இல்லாம போயிடும் சில்வியா. அவனுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அது. யோசிச்சுப் பாருங்க” என்றார்.

சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதுதான் கொடுமை. உறையைத் திருப்பிக் கொடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்றார். புதுப்பித்தல் கோப்பு அவர் மேஜை மேல் இருந்ததை அவளும் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள். சில்வியா நல்லவள்தான். கெட்டவர்களுக்கு எதற்கும் ஒரு நிமிஷம் போதும், நல்லவர்களுக்குத்தான் பதினெட்டு நாள் தேவைப்படுகிறது. ஒருநாள் கொடுத்துவிடலாம் என்று கிளம்புவாள், மறுநாள் கட்டுரையே போய்விட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்துவிடுவாள். தங்கமாரி இரண்டு முறை போன் செய்தாள். லெட்டர் ரெடியாகிக்கொண்டிருக்கிறது என்று பதில் சொன்னாள். மூன்றாம் முறை தங்கமாரி லெட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை. இப்போது உட்கார்ந்தும் தூங்க முடியவில்லை, நின்றபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சில்வியா வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஏறினாள். பையில் உறை இருந்தது. கூடவே அவள் கையெழுத்துப் போட்ட ஒரு தாளும் இருந்தது. கடிதம் திரும்பி வந்தது, அதை நான்தான் எடுத்து வைத்தேன், அந்த ஆளுக்குத் தெரிவிக்கப்படவே இல்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஆனாலும் கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் கடைசி அறை. இசக்கி தரையில் உட்கார்ந்து, தலையணைகளை அடுக்கிய நாற்காலி மேல் மார்பைச் சாய்த்திருந்தான். இரண்டு வயதுப் பெண் குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கமாரி அவசரமாக டீ போட எழுந்தாள். சில்வியா வேண்டாம் என்று தடுத்து, உறையை எடுத்து இசக்கியிடம் நீட்டினாள். இது உனக்கு வந்தது தம்பி என்றாள்.

அவன் மேலே எழுதியிருந்த பெயரைப் படித்தான். சிவப்பு மையைப் படித்தான். பிரித்து, வரி வரியாக உதட்டை அசைத்துப் படித்தான். ஒவ்வொரு வரிக்கும் இடையே மூச்சுக்காக நிறுத்தினான். ஒரு பக்கம்கூட இல்லாத கடிதத்துக்கு வெகுநேரமாயிற்று. ‘உங்கள் நுரையீரலில் கல்தூசி படியத் தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு உங்களுக்குத் தொந்தரவு தெரியாமல் இருக்கலாம். இந்த வேலையை இன்றே விட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் நோய் முற்றாமல் நீங்கள் பல வருஷம் நலமாக இருக்க முடியும்.’ சில்வியாவுக்கு அது மனப்பாடம்.

“இந்தத் தமிழ் யாருக்கா எழுதுனது?” என்று கேட்டான்.

“நான்தாம்பா.”

“நல்லா வெளங்குற மாதிரி எழுதியிருக்கீக.” மூச்சு வாங்கிக்கொண்டான். “அஞ்சாப்பு படிச்ச எனக்கே வெளங்குது. இது வந்திருந்தா… அன்னைக்கே விட்டுருப்பேன்.”

அவன் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எழுத்தைப் பாராட்டித்தான் சொன்னான். சில்வியா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். தங்கமாரி அழவில்லை. கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கித் தேதியைப் பார்த்தாள், தபால் முத்திரையைப் பார்த்தாள்.

“இது எப்பருந்துக்கா ஒங்க கைல இருக்கு?”

“நாலு வருஷமா பீரோல இருந்துச்சி.”

“அன்னைக்கு, டாக்டரம்மா கேட்டப்ப?”

சில்வியா பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. “பையில வச்சிக்கினுதான் இருந்தேன்” என்றாள்.

தங்கமாரி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தையும் சில்வியா எழுதிக் கொடுத்த தாளையும் எக்ஸ்ரே இருந்த பைக்குள் வைத்து, பையை ஆணியில் மாட்டினாள். புதன்கிழமை நானும் வருகிறேன், லீவு போட்டுவிடுகிறேன், காலையில் ஏழு மணிக்கெல்லாம் ஆட்டோவோடு வந்துவிடுகிறேன் என்று சில்வியா சொன்னாள். இசக்கி சரி என்று தலையசைத்தான். தங்கமாரி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, பேசாதிய, பேசினா மூச்சு வாங்கும் என்று அவனிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை சில்வியா லீவு விண்ணப்பத்தை இயக்குநர் மேஜையில் வைத்தாள். காரணம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். நாற்காலி போனால் போகட்டும் என்று அன்றுதான் அவளுக்கு முழுசாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பதினாறு வருஷமாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை நூலகத்தைத் திறந்துகொண்டிருக்கும்போது தங்கமாரியின் போன் வந்தது. பின்னால் எப்போதும் கேட்கிற இருமல் சத்தம் இல்லை. அவள் குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது, கம்பெனியில் சூப்பர்வைசரிடம் பேசுகிற குரல்.

“அக்கா, நாளைக்கு நீங்க லீவு போட வேண்டாம்” என்றாள்.